எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் சமூகவியல் சொல்கிறதா?

சமூகவியலைப் பட்டப்படிப்பில் எடுக்க எண்ணும் ஒருவர் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். "மனிதர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதைக் கடினமான சொற்களில் சொல்வதற்கு ஒரு துறை எதற்கு?" என்பது முதல் கேள்வி. "தம் வாழ்க்கைக்குத் தாமே பொறுப்பு என்றிருக்கும்போது, எல்லாவற்றையும் சமூகத்தின் மேல் ஏற்றிவிடுவது சரியா?" என்பது இரண்டாவது. இரண்டும் நல்ல கேள்விகள். பல ஆண்டுகளாக இப்பாடத்தைக் கற்பித்து வருபவன் என்ற முறையில், சமூகவியல் நோக்கு என்று நாங்கள் எதைச் சொல்கிறோம் என்பது விளங்கினால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும் என்று கருதுகிறேன். வரையறையை ஒதுக்கி வைத்துவிட்டு, நான் மிகவும் மதிக்கும் ஓர் ஆய்விலிருந்து தொடங்குகிறேன்.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு அருகில் மரியன்தால் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கிருந்த நெசவாலையை நம்பியே ஊர் முழுவதும் பிழைத்தது. உலகப் பொருளாதாரம் நொடித்த காலத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. 1931ஆம் ஆண்டின் இறுதியில் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அங்கே ஆய்வைத் தொடங்கியபோது, ஊரின் 478 குடும்பங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கில் வேலையில் இருப்பவர் ஒருவர்கூட இல்லை. வேலையிழப்பு ஓர் ஊரை என்ன செய்கிறது என்பதை அறிய வந்த அவர்கள், கேள்வித்தாளை நீட்டிப் பதில் வாங்கிக்கொண்டு திரும்பிவிடவில்லை. வீட்டுச் செலவுக் கணக்கைப் பார்த்தார்கள், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளைப் படித்தார்கள், நூலகப் பதிவேட்டைப் புரட்டினார்கள், துணிமணி சேகரித்துக் கொடுத்து ஊராருக்குப் பயன்படும்படியும் நடந்துகொண்டார்கள்.

அவர்கள் செய்தவற்றில் ஒன்றை அருகிலிருந்து பார்க்கலாம். ஊரின் முக்கிய வீதியைப் பார்த்த சன்னல் ஒன்றின் பின்னால் நின்றுகொண்டு, நடந்து போகிறவர்களின் வேகத்தையும், வழியில் எத்தனை முறை நிற்கிறார்கள் என்பதையும் நூறு பேர் அளவுக்குக் குறித்தார்கள். ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள அந்த வீதியைக் கடப்பதற்குள் ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தது இரண்டு முறை நின்றுவிட்டார்கள். பெண்களில் அப்படி நின்றவர்கள் மிகச் சிலரே. அவர்களுடைய நடையும் ஆண்களின் நடையைவிட வேகமாக இருந்தது. காரணம் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. ஆலைக் கூலி நின்றதே தவிர, பெண்களுக்குச் சமையலும் துவைத்தலும் பிள்ளை வளர்ப்பும் நிற்கவில்லை. முன்னைவிடக் குறைந்த பணத்தில் அவற்றை நடத்த வேண்டியிருந்தது. ஆண்களுக்கோ குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. ஒரு நாளில் மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று எழுதித்தரச் சொன்னபோது, எழுந்தது, உண்டது, உறங்கியது தவிர அவர்களால் அதிகம் நினைவுகூர முடியவில்லை. காலை நேரத்தைப் பற்றி ஒருவர் எழுதிய குறிப்பு, "அதற்குள் மதியமாகிவிடுகிறது" என்பது.

நூலகப் பதிவேடு இன்னும் துலக்கமானது. ஓய்வு கிடைத்தால் மனிதர்கள் கூடுதலாகப் படிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். மரியன்தால் நூலகத்தில் கட்டணத்தையும் எடுத்துவிட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் வாங்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது.

வெளியூர்க்காரர் ஒருவர் அந்த வீதியில் தளர்ந்து நடப்பவர்களைக் கண்டிருந்தால், சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கக்கூடும். அந்த விளக்கம் எங்கே தவறுகிறது என்பதைக் கவனியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்வரை அதே ஆட்கள்தான் ஆலையில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் நாடகக் குழுவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களின் குணம் ஒரே சமயத்தில், ஒரே திசையில் கெட்டுப்போவதில்லை. ஒரே சமயத்தில் மாறியது அவர்களைச் சூழ்ந்திருந்த ஏற்பாடு. அதை முதலில் தேடிப் பார்ப்பதைத்தான் சமூகவியல் நோக்கு என்கிறோம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் இதனை 1959இல் தனிமனிதத் தொல்லை, பொதுப் பிரச்சினை என்னும் வேறுபாட்டின் மூலம் விளக்கினார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரில் ஒரே ஒருவருக்கு மட்டும் வேலையில்லை என்றால், அவருடைய திறமையையும் இயல்பையும் ஆராய்வது பொருத்தமானது. ஐந்து கோடிப் பேர் வேலை செய்யும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலையில்லை என்றால், ஒவ்வொருவரின் குணத்தையும் ஆராய்ந்து எந்த விடையும் கிடைக்காது; வாய்ப்புகளின் அமைப்பே சரிந்திருக்கிறது. வேலையிழந்தவருக்கு இரண்டு நிலையிலும் துன்பம் ஒன்றுதான். காரணத்தை எங்கே தேடுவது என்பது மட்டுமே மாறுகிறது. தம் வாழ்க்கையை வரலாற்றோடு இணைத்துப் பார்க்கும் இந்த ஆற்றலுக்கு அவர் வைத்த பெயர்தான் சமூகவியல் கற்பனைத்திறன். கற்பனை என்ற சொல் சிலரைத் திசைதிருப்புகிறது. இல்லாததைப் புனைவதை அவர் குறிக்கவில்லை, கண்ணெதிரே இருக்கும் ஒருவருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் தொடர்புகளை மனத்தில் கொண்டுவருவதையே குறித்தார்.

மில்ஸுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இதே நோக்கில் ஒரு பெரிய ஆய்வைத் துணிந்து செய்துகாட்டியவர் பிரான்சின் எமில் துர்க்கைம். 1897இல் வெளிவந்த தம் நூலுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் தற்கொலை. மனிதர் செய்யும் செயல்களில் இதைவிடத் தனிப்பட்டது வேறில்லை என்று தோன்றும். ஐரோப்பிய நாடுகளின் பதிவேடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த அவர், ஒரு நாட்டின் தற்கொலை வீதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறாமலிருப்பதையும், நாட்டுக்கு நாடு வேறுபடுவதையும் கண்டார். ஒவ்வோர் ஆண்டும் இறந்தவர்கள் வேறு வேறு ஆட்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும் வீதம் ஏறத்தாழ நிலைத்து நிற்கிறது. அப்படியானால் அந்த வீதம் தனி ஆட்களுக்குரிய தன்மை அன்று, அந்தச் சமூகத்துக்குரிய தன்மை என்றார். திருமணமானவர்களைவிட ஆகாதவர்களிடத்திலும், கத்தோலிக்கரைவிடப் புரோட்டஸ்டண்டுகளிடத்திலும் அது கூடுதலாக இருந்தது. பொருளாதார வீழ்ச்சியின்போது கூடியதுபோலவே திடீர்ச் செழிப்பின்போதும் கூடியது. வறுமை மட்டுமே காரணமாக இருந்தால் இந்தக் கடைசிச் செய்தியை விளக்க முடியாது. பிறரோடு மனிதரைக் கட்டும் இழைகள் தளர்வதும், எதை எதிர்பார்க்கலாம் எவ்வளவு போதும் என்று சொல்லும் நெறிகள் குலைவதும் காரணம் என்று அவர் விளக்கினார். நெறிகள் குலையும் அந்த நிலையை நெறியின்மை என்று தமிழில் சொல்லலாம்.

துர்க்கைமின் முடிவுகள் எல்லாம் அப்படியே நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இறப்புக்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுதுபவர் ஓர் அதிகாரி. தற்கொலையைப் பெரும் பாவமாகக் கருதும் இடங்களில் அதே இறப்பு விபத்து என்று பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டு. துர்க்கைம் பயன்படுத்திய எண்களையே சமூகம் தயாரித்தது என்ற இந்த எதிர்வாதத்தைப் பின்வந்த சமூகவியலாளர்கள் வலுவாக முன்வைத்தார்கள். ஒரு வகுப்பில் இதைச் சொன்னபோது, அப்படியென்றால் ஏன் இன்னும் அவரைப் படிக்கிறோம் என்று ஒரு மாணவி கேட்டார். துர்க்கைம் கேட்ட கேள்வியை அதற்கு முன் அவ்வளவு தெளிவாக யாரும் கேட்டதில்லை என்பதாலும், அவரை மறுப்பதற்கும் அவர் காட்டிய வழியிலேயே போக வேண்டியிருக்கிறது என்பதாலும் படிக்கிறோம்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். எல்லோருக்கும் தெரிந்ததைத்தானே சொல்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நான் அறிந்த மிகச் சிறந்த பதிலைத் தந்தவர், மரியன்தாலில் பணியாற்றிய அதே லாசர்ஸ்ஃபெல்ட்தான். பின்னாளில் அமெரிக்காவில் குடியேறிய அவர், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தப்பட்ட பெரும் ஆய்வு பற்றி 1949இல் ஒரு மதிப்புரை எழுதினார். அதில் சில கண்டுபிடிப்புகளை வரிசையாகத் தந்தார். படித்த வீரர்களுக்குப் படிக்காதவர்களைவிட மனத்தளர்ச்சிக்கான அறிகுறிகள் கூடுதல். கிராமத்தில் வளர்ந்தவர்கள் நகரத்தாரைவிடப் படைவாழ்வில் உற்சாகமாக இருந்தார்கள். வெப்பமான தென் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வெப்பத் தீவுகளின் காலநிலையை எளிதாகத் தாங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான காரணமும் உடனே தோன்றுகிறது. கிராமத்தார் கடின வாழ்வுக்குப் பழகியவர்கள், தென்னாட்டார் வெயிலுக்குப் பழகியவர்கள். இதைக் கண்டுபிடிக்க ஆய்வு வேண்டுமா என்று தோன்றும். வாசகர் அப்படி நினைக்கும் இடத்தில்தான், இவை ஒவ்வொன்றும் ஆய்வில் கண்டதற்கு நேர் எதிரானவை என்று லாசர்ஸ்ஃபெல்ட் எழுதினார். உண்மை முடிவுகளை முதலிலேயே சொல்லியிருந்தால் அவையும் தெரிந்ததாகவே தோன்றியிருக்கும். ஒரு கூற்றும் அதன் மறுதலையும் சம அளவில் வெளிப்படையாகத் தோன்றுமானால், வெளிப்படை என்ற உணர்வுக்குச் சான்று மதிப்பு இல்லை.

அதே ஆய்வில் வந்த ஒரு முடிவு இன்றும் பயன்படுகிறது. பதவி உயர்வு அடிக்கடி கிடைத்த விமானப் படைப் பிரிவினரைவிட, அரிதாகவே கிடைத்த படைக்காவல் பிரிவினர் (படைக்குள் காவல்துறைப் பணி செய்பவர்கள்) பதவி உயர்வு முறையில் கூடுதல் நிறைவு கொண்டிருந்தார்கள். பலரும் உயர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் உயராமல் இருப்பவர் தம்மைப் பின்தங்கியவராக உணர்கிறார். யாருமே உயராத இடத்தில் அந்த உணர்வுக்கு இடமில்லை. மனிதர்கள் தம் நிலையைத் தனியே எடைபோடுவதில்லை, பக்கத்தில் இருப்பவர்களை வைத்தே எடைபோடுகிறார்கள். ஒப்பீட்டு இழப்புணர்வு என்னும் இந்தக் கருத்து கையில் இருந்தால், நிலைமை முன்னேறிக்கொண்டிருக்கும்போதே மனக்குறை பெருகுவது புதிராகத் தெரியாது.

பொது அறிவு ஏன் இப்படி நம்மைக் கைவிடுகிறது என்றால், நாம் சமூகத்துக்கு உள்ளேயே நிற்கிறோம். மின்தூக்கிக்குள் நுழையும் ஒருவரைப் பாருங்கள். நுழைந்ததும் திரும்பிக் கதவைப் பார்த்து நிற்கிறார். உள்ளே இருப்பவர்களிடமிருந்து கூடிய மட்டும் சம தூரத்தில் இடம்பிடிக்கிறார். ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையை எண்பலகைக்கு மாற்றிக்கொள்கிறார். இதை யாரும் அவருக்குக் கற்பித்ததில்லை, எந்தச் சட்டத்திலும் இது எழுதப்படவில்லை. ஆனால் ஒருவர் கதவுக்கு முதுகைக் காட்டி மற்றவர்களின் முகத்தைப் பார்த்தபடி நின்றால் சில நொடிகளில் எல்லோருக்கும் சங்கடமாகிவிடும். நீங்கள் இருப்பதை அறிந்தேன், உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்று இரண்டையும் ஒரே பார்வையில் தெரிவிக்கும் இந்தப் பழக்கத்தைச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் நாகரிகமான கவனமின்மை என்று விளக்கினார்.

இத்தகைய எழுதாத விதிகள் எவ்வளவு வலியவை என்பதை அறிய அமெரிக்கச் சமூகவியலாளர் ஹரால்டு கார்ஃபிங்கல் தம் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை, சொந்த வீட்டில் வாடகைக்குத் தங்கியிருப்பவரைப்போல நடந்துகொள்ள வேண்டும்: மரியாதையாகப் பேச வேண்டும், கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும், எதையும் உரிமையோடு எடுக்கக்கூடாது. மாணவர்கள் யாரையும் திட்டவில்லை. சொல்லப்போனால் வழக்கத்தைவிடப் பணிவாகவே நடந்தார்கள். வீட்டாருக்கோ திகைப்பும் கோபமும் வந்தன. உடம்பு சரியில்லையா, என்ன சண்டை, ஏன் இப்படி என்று கேள்விமேல் கேள்வி எழுந்தது. குடும்பத்துக்குள் காட்டும் உரிமையும் ஒரு விதிதான் என்பது, அது மீறப்படும்வரை யார் கண்ணிலும் படவில்லை.

இந்த விதிகள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல என்பதும் நோக்கின் மறுபாதி. மனிதர்கள் சேர்ந்து கடைப்பிடிப்பதால்தான் அவை நிற்கின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் எடுத்துக்காட்டிய வங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் இருக்கும் வங்கி நொடிக்கப் போகிறது என்று ஒரு வதந்தி கிளம்புகிறது. அது பொய். ஆனால் அதை நம்பிப் போதுமான பேர் பணத்தை எடுக்க வந்தால் வங்கி உண்மையிலேயே நொடித்துவிடும். நாளை வால்நட்சத்திரம் வரும் என்று எத்தனை பேர் நம்பினாலும் அதன் பாதை மாறாது. சமூகத்தைப் பற்றிய நம்பிக்கையோ சமூகத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. இயற்பியலின் கருவிகளை அப்படியே எடுத்துவந்து மனிதர்களை அளந்துவிட முடியாது என்பதற்கு இதுவே ஆழமான காரணம்.

துறையின் வரலாற்றை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் பாடநூல்கள் அதை விரிவாகத் தருகின்றன. சமூகவியல் என்ற பெயரைப் பரப்பியவர் பிரான்சின் ஆகுஸ்ட் கோம்ட். காலம் 1830களின் இறுதி. புரட்சிகள் பழைய அதிகாரத்தைக் கவிழ்த்து, தொழிற்சாலைகள் கிராமத்தாரை நகரங்களுக்கு இழுத்த காலம் அது; நேற்றுவரை இயற்கையானதாகத் தோன்றிய ஒழுங்கு கண்முன்னே மாறியதால்தான், ஒழுங்கு என்பது எதனால் நிற்கிறது என்ற கேள்வி பிறந்தது. (சமூகங்களைச் சேர்த்துக்கட்டும் பற்றுணர்வு எப்படிப் பிறந்து எப்படித் தேய்கிறது என்பதை அரபு அறிஞர் இப்னு கல்தூன் வட ஆப்பிரிக்காவில் 1377லேயே எழுதிவைத்தார் என்பதையும் மறக்கக்கூடாது.) பாடநூல்கள் அடுத்து மார்க்சிய வழி, ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் வழி, சமூகத்தின் ஒவ்வொரு பகுதியும் செய்யும் பணியைப் பார்க்கும் செயற்பாட்டு வழி, மனிதர்கள் நேருக்கு நேர் பழகுவதைப் பார்க்கும் ஊடாட்ட வழி என்று பிரித்துக் காட்டும். அவற்றை எதிரெதிர்க் கட்சிகளாக மனப்பாடம் செய்வதைவிட, மரியன்தாலை நோக்கி அவை ஒவ்வொன்றும் எதைக் கேட்கும் என்று யோசித்தால் எளிதில் பிடிபடும். ஆலை யாருடையது, மூடும் முடிவு யார் கையில் இருந்தது என்று மார்க்சியர் கேட்பார். வேலை என்பது அந்த மனிதர்களுக்கு என்ன பொருள் தந்தது என்று வெபரைப் பின்பற்றுபவர் கேட்பார். ஆலையின் சங்கொலி ஊரின் வேறு எந்தெந்தக் காரியங்களை இயக்கிக்கொண்டிருந்தது என்று செயற்பாட்டியலாளர் கேட்பார். வேலையிழந்தவரும் இழக்காதவரும் வீதியில் எதிர்ப்பட்டால் எப்படி வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஊடாட்டவாதி கவனிப்பார். நால்வரும் தேவை.

இரண்டாவது கேள்விக்கு நேரடியாக விடை சொல்கிறேன். சமூகவியல் தனிமனிதரின் பொறுப்பை மறுக்கவில்லை. அது வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. இந்த மனிதர் ஏன் இதைச் செய்தார் என்பது ஒன்று. இந்தச் சூழலில் இருப்பவர்களிடையே இது ஏன் கூடுதலாக நிகழ்கிறது என்பது இன்னொன்று. புகைபிடிப்பவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் கூடுதல் என்பதை ஏற்கும் நாம், புகைபிடிக்கும் ஒவ்வொருவருக்கும் அது வரும் என்று முடிவுகட்டுவதில்லை. குழுவைப் பற்றிய உண்மையைத் தனி ஆளின் தலையில் வைப்பது பெரும்பிழை. 1950இல் வில்லியம் ராபின்சன் இதை அமெரிக்கக் கணக்கெடுப்பைக் கொண்டே காட்டினார்: வெளிநாட்டில் பிறந்தவர்கள் கூடுதலாக வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறிவு கூடுதலாக இருந்தது, ஆனால் ஆள்வாரியாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவு குறைவு. அவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களைத் தேடிக் குடியேறியிருந்தார்கள். இதைக் கவனிக்காமல், ஒரு குழுவின் சராசரியை வைத்து எதிரில் இருப்பவரை எடைபோடுபவர் சமூகவியலின் பெயரால் தம் முன்முடிவைத்தான் சொல்கிறார்.

அந்த முன்முடிவுகளோடு மோதுவதில்தான் இத்துறை தன் மதிப்பைக் காட்டியிருக்கிறது. கறுப்பின அமெரிக்கரான டபிள்யூ. இ. பி. டு போய்ஸ், ஃபிலடெல்ஃபியா நகரின் ஏழாம் வட்டத்தில் வீடு வீடாகச் சென்று ஆயிரக்கணக்கானவர்களிடம் தகவல் திரட்டி, 1899இல் தம் ஆய்வை வெளியிட்டார். கறுப்பின மக்களின் வறுமைக்கும் குற்றங்களுக்கும் அவர்களுடைய பிறப்பே காரணம் என்று கற்றவர்கள்கூடச் சொல்லிவந்த காலம். எந்தெந்த வேலைகள் அவர்களுக்கு மறுக்கப்பட்டன, ஒரே மாதிரியான வீட்டுக்கு எவ்வளவு கூடுதல் வாடகை கேட்கப்பட்டது, அடிமைமுறை எதை விட்டுச்சென்றது என்று அவர் அடுக்கடுக்காகக் காட்டினார். துறையோ அவருக்கு உரிய இடத்தைத் தர மிக நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. சமூகவியலாளர்களும் தம் சமூகத்துக்கு உள்ளேயே நிற்பவர்கள் என்பதை இந்தத் தாமதம் எனக்கு எப்போதும் நினைவுபடுத்துகிறது.

படிப்பை எங்கே தொடங்குவது என்றால், கோட்பாட்டு நூலில் தொடங்க வேண்டாம் என்பேன். ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ 1838இல், ஒரு சமூகத்தை அறிய விரும்புகிறவர் அங்குள்ளோர் சொல்லும் கருத்துகளை மட்டும் நம்பாமல் பொருள்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதினார்; கல்லறை வாசகம், பாட்டு, சிறைச்சாலை போன்றவற்றை அவர் எடுத்துக்கொண்டார். நீங்கள் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தையோ பள்ளி வாசலையோ எடுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் அமர்ந்து, ஏன் என்று எழுதாமல், கண்டதை மட்டும் எழுதுங்கள்: யார் நிற்கிறார், யார் அமர்கிறார், யார் கேட்காமலே உள்ளே போகிறார், யார் எத்தனை முறை கேட்டும் பதில் பெறவில்லை. சோம்பேறி, திமிர்பிடித்தவர் போன்ற சொற்கள் குறிப்பில் புகுந்தால் அவற்றை அடித்துவிட்டு, அந்தச் சொல்லை எழுதத் தூண்டிய செயலை மட்டும் எழுதுங்கள். மறுநாள் அதை எடுத்துப் படித்து, அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டியவர்களில் யார் வரவே இல்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள்.